சிவப்புத் தாளும் நீலத் தாளும்

சோரியாங்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பூந்தியைக் கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பாஸ்கல் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரிக்கலாம்பாக்கத்து அந்த வீட்டின் கூடத்தில், லூர்து மாதா படத்துக்குக் கீழே, அகலமான சார்ட் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அடியில் 1960 முதல் 1980 வரை வருஷங்கள். ஒவ்வொரு வருஷத்தின் தலையிலும் ஒரு சிவப்புத் தூண். சில குட்டை, சில நெட்டை. தூண்களுக்குள் பொடி ஆங்கில எழுத்தில் நாடுகளின் பெயர்கள்.

“இது இன்னா மாமா, மழை அளவா?” என்று கேட்டான் பாஸ்கல்.

பெண்ணின் அப்பா இன்னாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மழைதான். குண்டு மழை. எம் பொண்ணு எம்.ஏ.வுக்கு எழுதறா. இந்தியா எந்த வருசம் எந்த நாட்டுக்கிட்ட எவ்ளோ ஆயுதம் வாங்கிச்சின்னு கணக்கு. இதோ பாருங்க, பிரான்சு. டாங்க்கி, ஏரோப்ளேனு, எல்லாம் நம்ம நாடு குடுத்தது.”

கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்த ஞானசுந்தரிக்குக் காது சூடாயிற்று. அப்பா ‘நம்ம நாடு’ என்று சொல்வது பிரான்சைத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு வந்தவர். அந்த ஊர்களில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். ‘சொல்தா வூடு’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வந்து காட்டும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று கேட்டார்கள். இன்னாசி பிரான்ஸ் என்று கையெழுத்துப் போட்டார். அப்போது சுந்தரிக்கு மூன்று வயது. அந்தக் கையெழுத்தில் அவளும் பிரெஞ்சுக்காரி ஆனாள். வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போன பிரெஞ்சுக்காரி.

அதனால் அவளைக் கேட்டு வந்த வரன்களுக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாஸ்போர்ட்டு எடுத்தாச்சா?” என்று கேட்டார்கள். அவளைக் கட்டினால் பாரிசுக்குப் போகலாம். ஒருவன் கம்பளிக் கோட்டுகூடத் தைத்து வைத்திருந்தான்.

பாஸ்கல் இந்திய ராணுவத்தில் டாங்க்கி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தான். லீவில் வந்திருந்தான். சுந்தரி காப்பியை நீட்டியபோது அவன் கேட்ட கேள்வி வேறு.

“எதிராளி எங்க?”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. “இன்னொரு தாள்ல இருக்கு” என்றாள் மெதுவாக.

ரெண்டு வார்த்தை தனியாகப் பேசட்டும் என்று அம்மா ஆரோக்கியம்தான் பின்தாழ்வாரத்துக்கு அனுப்பிவைத்தாள். சுந்தரி பீரோவின் மேலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்து நெல் மூட்டையின் மேல் விரித்தாள். அதே இருபது வருஷம், தூண்கள் நீலம். பாகிஸ்தான் வாங்கிய ஆயுதங்கள்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாக்கணும்” என்றாள். படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கூச்சம் போய்விட்டது. “அறுபத்தஞ்சு வரைக்கும் அவங்களுக்கு அமெரிக்கா குடுத்துது. சண்டை வந்ததும் ரெண்டு பேருக்கும் நிறுத்திட்டாங்க. அப்புறம் அவங்க சீனாக்கிட்டப் போனாங்க. நாம ரஷ்யாக்கிட்ட இன்னும் நெருங்கினோம். இங்க ஒரு படி ஏறினா அங்க ஒரு படி. யாரு மொதல்ல ஏறினாங்கன்னு எங்க அரங்கநாதன் சார் கேக்கறாரு. எனக்கு இன்னும் பதில் தெரியல.”

பாஸ்கல் நீலத் தாளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போய் 1968-இல் நிறுத்தினான். அந்தத் தூணுக்குள் ‘பிரான்ஸ்’ என்று எழுதியிருந்தது.

“மிராஜா?”

“ஆமாம். தெரியுமா?”

“எழுபத்தொண்ணுல நானு எல்லையில, பழுதான டாங்க்கிக்கு அடியில படுத்து நட்டு கழட்டிக்கினு இருந்தேன். பக்கத்துல இருந்தவன் மேல பாத்துட்டு மிராஜ்டான்னு சொன்னான். நான் பாக்கல. சத்தம்தான் கேட்டேன்.” அவன் விரலை எடுத்துக்கொண்டான். “இந்தத் தாளு மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவருக்குப் பதினாலாந் தேதி ஜூலை, பிரான்சு தேசிய தினம்னா இன்னும் மெடலு குத்திக்கினு டவுனுக்குப் போகணும். அவரு நாடு அந்தப் பக்கமும் வித்துதுன்னு எப்படிச் சொல்றது? அதான் சுருட்டி மேல வச்சிட்டேன்.”

தன்னைக் கோழை என்று நினைப்பானோ என்று அவளுக்குப் பட்டது. பாஸ்கல் தாளைப் பழையபடி சுருட்டி அவள் கையில் கொடுத்தான்.

“மேலயே இருக்கட்டும். மாமாவுக்குக் காட்ட வேணாம்.”

தன் தலைக்கு மேல் பறந்த விமானத்தைவிட, முன்பின் பழகாத ஒரு கிழவரின் மனசு அவனுக்குப் பெரிதாக இருந்தது. பாரிசு மாப்பிள்ளைகள் ஒருவரிடமும் தோன்றாத ஒன்று அப்போது சுந்தரிக்குத் தோன்றியது. இந்த மனிதனோடு சோறு உண்டு, சண்டை போட்டு, வயசாகிப் போகலாம் என்று.

நிச்சயம் நடந்தது. நவம்பரில் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். மூன்று ஓலை முடிந்தால்தான் கல்யாணம். முதல் ஓலைக்குச் சுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் ஓலைக்குத் துணிந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள். பாஸ்கலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. பாஸ்கலை உடனே பட்டாளத்துக்குத் திரும்பச் சொல்லி. சோரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளிலேயே வந்து, வாசலில் ஒரு கால் ஊன்றியபடி சொன்னான்.

“சண்டை கிண்டையா தம்பி?” என்று இன்னாசி கேட்டார்.

“அப்படித் தெரியல மாமா. சண்டைன்னா எல்லாரையும் கூப்புடுவாங்க. என்னை மட்டும் இன்னாத்துக்குக் கூப்புடறாங்கன்னுதான் புரியல.” சுந்தரியைப் பார்த்து, “போயி பாத்துட்டு வந்துடறேன்” என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

காரணம் சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கியது. அதற்கு ஆதிமூலம் என்று பெயர். மஃப்டியில் இருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். வழுக்கைத் தலையும் களைத்த கண்ணுமாக, யாருக்கோ வைத்தியம் பார்க்க வந்தவர்போல இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார்.

சிவப்புத் தூண்கள். சுவரில் ஒட்டியதற்கு முன் சுந்தரி போட்டுப் பார்த்த முதல் பிரதி.

“இது உங்க பொண்ணு போட்டதா பெரியவரே?”

“ஆமாம் சார்” என்றார் இன்னாசி பெருமையாக. “கொலோனல் பாத்தாரா?”

சுந்தரி அப்பா பக்கம் திரும்பினாள். “எந்தக் கொலோனல்பா?”

“மாப்ளையோட கொலோனலுதான். நிச்சயத்துக்கு மறுநாளே எழுதிட்டேனே.” இன்னாசி ஒரு குற்றமும் அறியாத முகத்தோடு எல்லாரையும் பார்த்தார். “எங்க பட்டாளத்துல சொல்தா கல்யாணம் கட்டணும்னா கொலோனல் உத்தரவு குடுக்கணும். பொண்ணு நல்ல குடும்பமா, படிச்சிருக்குதான்னு பொண்ணோட அப்பன் எழுதணும். எங்க மாமனாரு அப்படித்தான் எனக்கு எழுதினாரு. நான் எழுதலைன்னா நாளைக்கு மாப்ளைக்குத்தானே கொறச்சல்? படிச்சவன்னு சும்மா சொன்னா ஆச்சா, அதான் அவ போட்ட படத்தையும் வச்சேன்.”

“எந்த மொழியில எழுதினீங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“கொலோனலுக்குத் தமிழ்லயா எழுதறது? பிரெஞ்சுலதான்.”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதப் படிக்க ஆள் தேடறதுக்கே ஒரு வாரம் ஆச்சாம். பெரியவரே, நீங்களும் பட்டாளத்துல இருந்தவரு. கொஞ்சம் அவங்க எடத்துல இருந்து பாருங்க. வெளிநாட்டுப் பிரஜை ஒருத்தர், வெளிநாட்டு பாஷையில ஒரு கடுதாசி. கூடவே இந்தியா எந்த வருசம் இன்னா ஆயுதம் வாங்கிச்சின்னு படம். அதப் போட்டது அவரு பொண்ணு. அந்தப் பொண்ணைக் கட்டப்போறவன் டாங்க்கி ஒர்க்‌ஷாப்புல இருக்கான். இன்னா நெனப்பாங்க?”

இன்னாசி சுவரிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார்.

சுந்தரி இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக, அந்தச் சிவப்பு மட்டும். அது ஒப்பீடாகவே தெரியவில்லை. யாரோ வேலிக்கு வெளியே நின்று ஒரு வீட்டை மட்டும் நோட்டம் பார்த்ததுபோல இருந்தது. அப்பா இதை மட்டும் அனுப்பினார்; அவருக்குத் தெரிந்தது இது மட்டும்தான். மற்றதைச் சுருட்டி மேலே வைத்தது யார்?

மறைத்தது அன்பினால்தான். அதனால் பாஸ்கல் எங்கேயோ ஒரு மேசைக்கு முன்னால் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“பாதிதான் சார் போயிருக்குது” என்றாள். பீரோவின் மேலிருந்து சுருளை எடுத்தாள். அப்பாவைப் பார்க்காமல், சிவப்புத் தாளை வாங்கித் தரையில் வைத்து, பக்கத்தில் நீலத் தாளை விரித்து நான்கு டம்ளர்களை நான்கு மூலையில் வைத்தாள்.

“ரெண்டு நாட்டையும் ஒப்பிட்டுப் பாக்கறதுதான் என் வேலை. இந்தக் கணக்கெல்லாம் வெளிநாட்டுல அச்சுப்போட்டு எல்லா லைப்ரரிக்கும் அனுப்பற புத்தகத்துல இருக்கு. எங்க சார் சொன்னதால டவுன் லைப்ரரியில உக்காந்து எடுத்தேன். அவரையும் கேளுங்க, லைப்ரரியிலயும் கேளுங்க.”

ஆதிமூலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். “யாரு ஜாஸ்தி வாங்கினது?” என்று கேட்டார். அது போலீஸ் கேள்வி மாதிரி இல்லை.

“மொத்தமாப் பாத்தா நாம சார். ஆளுக்கு இவ்ளோன்னு வகுத்துப் பாத்தா அவங்க. அது சின்ன நாடு, சுமை அங்கதான் ஜாஸ்தி. எதால வகுக்கறோமோ அதப் பொறுத்து மாறும்.”

“எம் பையனும் காலேஜுல படிக்கறான்” என்றார் அவர். “இந்த மாதிரி எதையாவது செய்யறானான்னு தெரியல.”

அதற்குள் இன்னாசி எழுந்து வந்துவிட்டார். டம்ளரை நகர்த்திவிட்டு நீலத் தாளின் மேல் விரலை வைத்தார். பிரெஞ்சுப் பட்டாளம் கற்றுக்கொடுத்த எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

“இது பிரான்சு தானே?”

சுந்தரி தலையை ஆட்டினாள்.

“எந்த வருசம் இது?”

“அறுபத்தெட்டுப்பா. மிராஜ் ஏரோப்ளேனு.”

“எழுபத்தொண்ணு சண்டையில மாப்ள எங்க இருந்தாரு?”

“எல்லையில.”

“இது அவரு மேல வந்துதா?”

“சத்தம் கேட்டாராம். நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு உங்ககிட்டக் காட்ட வேணாம்னு சொன்னாருப்பா.”

இன்னாசி நீலத் தாளிலிருந்து விரலை எடுத்தார். அவர் இந்தோசீனாக் கதைகளில் ஒன்று ஊருக்கே மனப்பாடம். காட்டில் பிடிபட்ட ஒரு பொடியன் கையிலிருந்த துப்பாக்கியில், தன் துப்பாக்கியில் இருந்த அதே முத்திரை இருந்ததாம். ‘எங்கக்கிட்டத் திருடி எங்களயே சுட்டான்’ என்று சொல்லி, தொடையில் தட்டிச் சிரிப்பார். இருபத்தைந்து வருஷமாக அது சிரிப்புக் கதை.

“அந்தப் பையன் திருடினான்னுதான் சொல்லிக்கினு வந்தேன்” என்றார் இப்போது. “திருடினானோ, எவனாவது வித்தானோ. எனக்கு யாரு குடுத்தான்னு தெரியும். எதுக்க நின்னவனுக்கு யாரு குடுத்தான்னு நான் கேட்டதே இல்ல.”

ஆதிமூலம் இரண்டு தாள்களையும் வாங்கிக்கொண்டார். நல்லபடியாக எழுதி அனுப்புவதாகவும், வேலை முடிந்ததும் நீலத் தாளைத் திருப்பித் தந்துவிடுவதாகவும் சொன்னார். வாசல் வரை போனவர், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

“இன்னொன்னு இருக்குதும்மா. படத்தோட விஷயம் முடிஞ்சிடும். ஆனா அந்தத் தம்பி வெளிநாட்டுப் பிரஜையைக் கட்டறதுன்னா பட்டாளத்துல அனுமதி கெடைக்கறது கஷ்டம். நீ இந்தியப் பிரஜையாக மனு போட்டா நெலமை மாறும். முன்னாடியே யோசிக்கலையா?”

யாரும் யோசித்திருக்கவில்லை. கல்யாணம் ஆனால் தகப்பன் பெயர் போய்ப் புருஷன் பெயர் வருவதுபோல, அதுவும் தானாக மாறிவிடும் என்றுதான் இரண்டு வீட்டாரும் நினைத்திருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. அடுத்த வாரம் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் வரை கல்யாணம் கிடையாது. வீட்டுக்கு நடக்கும்போது, “ஜீப்பு வந்துதாமே?” என்று ஒருத்தி கேட்டாள். “உங்க வூட்டுக்கும் அனுப்பட்டுமா?” என்றாள் ஆரோக்கியம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சுந்தரி சொன்னாள்: “அப்பா, நான் மாறிக்கறேன்.”

இன்னாசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அது சட்டை இல்ல, மாத்திக்கறதுக்கு.”

“தெரியும்பா.”

“நான் ரத்தம் சிந்தி வாங்கினது. உனக்குச் சும்மா கெடச்சதுன்னு நெனைக்கற.”

“சும்மா கெடச்சதுன்னு நெனைக்கல. கேக்காம கெடச்சது. மூணு வயசுல எனக்கு இன்னாப்பா தெரியும்? அதக் கேட்டு எத்தினி பேரு வந்தாங்க, பாத்தீங்களே. ஒருத்தனாவது என் மூஞ்சியப் பாத்துப் பேசினானா? அது வேணாம்னாலும் நான் வேணும்னு வந்தது இவரு ஒருத்தருதான்.”

“என்னை யாராச்சும் கேட்டீங்களா?” என்றாள் ஆரோக்கியம் ரசம் ஊற்றிக்கொண்டே. “கையப் புடிச்சி, இங்க போடுடின்னீங்க. போட்டேன். இருவது வருசமா நானும் பிரெஞ்சுக்காரி. ஒரு வார்த்தை பேச வராது.”

இன்னாசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கோபமும் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். அன்று முழுக்க வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். கட்ட வேண்டிய அவசியம் இல்லாத வேலி.

திங்கட்கிழமை காலை சுந்தரி எழுந்து வந்தபோது, அவர் கோட்டுப் போட்டு, மெடல் குத்தி, வாசலில் நின்றிருந்தார். கையில் குடும்பத்துப் பத்திரங்கள் வைத்திருக்கும் தகரப் பெட்டி.

“மொத பஸ்ஸைப் புடிப்போம். பிரெஞ்சு கோன்சல் ஆபீசுல பேச வேண்டியத நான் பேசறேன். உன் பிரெஞ்சு அவங்களுக்குப் புரியாது.”

“மெடலு எதுக்குப்பா?”

“எம் பொண்ணு அவங்க நாட்ட வுட்டுப் போறா. ஓடிப்போறான்னு நெனச்சிடக் கூடாது. மரியாதையா வழியனுப்பணும்.”

வில்லியனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்குக் கொடுத்தார். அறுவடைக்கு இன்னும் நாளிருந்த வயல்கள் பச்சையாகப் பின்னால் போயின. வில்லியனூர் தாண்டியதும், “நான் வச்சிக்கறேன். நீ வுட்டுடு” என்றார். “ஒரு வூட்டுல ரெண்டு நாடு இருந்தா இன்னா, சண்டையா வந்துடும்?” சுந்தரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முள் கீறிய கை.

மனுப் போட்டு, இன்ஸ்பெக்டரின் அறிக்கை போய், பாஸ்கலுக்கு அனுமதி கிடைக்க ஜனவரி ஆகிவிட்டது. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த முதல் ஞாயிறு அவன் ஊருக்கு வந்து இறங்கினான். நேராகக் கோயிலுக்கு, பட்டாளத்துப் பெட்டியோடு. சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி நிறுத்தியபோது, முன் பெஞ்சிலிருந்த இன்னாசி மெதுவாகத் திரும்பி, கோயில் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். யாரும் இருமக்கூட இல்லை.

பூசை முடிந்து பாஸ்கலை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கூடத்துக்குள் கால் வைத்தவன் சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். மாதா படத்துக்குக் கீழே சிவப்புத் தாள். அதன் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக, நீலத் தாள். ஓரமெல்லாம் கஞ்சிப் பசை வழிந்திருந்தது. சுந்தரியின் ஒட்டு அப்படி இருக்காது.

அவன் சுந்தரியைப் பார்த்தான். அவள் அப்பாவைக் காட்டினாள்.

“இன்னா மாமா, ரெண்டையும் மாட்டிட்டீங்க?”

இன்னாசி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். “ஒண்ண மட்டும் மாட்டினா போலீசு வருதுப்பா” என்றார். “உக்காருங்க. அந்த எழுபத்தொண்ணுக் கதையச் சொல்லுங்க. இந்த வூட்டுல இத்தினி நாளா என் கதை மட்டுந்தான் ஓடிக்கினு இருந்துது.”